ஒன்பதாம் கூடை போய் நின்ற இடம்

எங்கள் ஊர் நெடுமட்டத்தில் ஒன்பதாம் கூடை முதன்முதலாக எழுந்து நடந்த அன்று எனக்கு அதைப் போய்ப் பார்க்க நேரமில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கி என் மெஸ்ஸில் இட்லி இட்லி என்று கத்திக்கொண்டிருந்தார்கள், மாவோ தீர்ந்துபோயிருந்தது, அந்த நேரம் பார்த்து ஜீப் ஓட்டுகிற தங்கப்பாண்டி வாசலில் தலையை நீட்டி, "மங்களம் அக்கா, கூடை நடந்து போய் மாரியம்மன் கோயில் பின்னாடி நிக்குது" என்றான். "நிக்கட்டும், நீ போய் ரெண்டு பாக்கெட் ரவை வாங்கிட்டு வா" என்றேன்.

கூடை என்றதும் தேயிலைக் கொழுந்துக் கூடை என்று நினைத்துவிடாதீர்கள். இது இரும்பு. ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம், உச்சியில் ஒரு வளையம், வளையத்திலிருந்து கொத்தாகத் தொங்குகிற சங்கிலிகள், சங்கிலிக்குக் கீழே ஒரு கம்பிக் கூடை, அடியில் ஒரு சிமெண்டுக் கட்டி. தேயிலைக்கு விலை விழுந்துபோய், எஸ்டேட் பாதிக்குப் பாதி சுற்றுலாவுக்குத் திரும்பின காலத்தில், எங்கள் மேனேஜர் ரஞ்சித் துரை எந்த நாட்டிலோ பார்த்துவிட்டு வந்து இப்படி ஒன்பது கூடைகளை மலை முழுக்க நட்டுவைத்தார். தூரத்தில் நின்று ஒரு பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும், அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும், கடைசியில் சங்கிலியில் அடித்துக் கூடைக்குள் விழ வேண்டும், யார் குறைவாக வீசி முடிக்கிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். துரை அதை டிஸ்க் கோல்ஃப் என்பார். நாங்கள் தட்டு என்போம். "தட்டுக்குப் போறியா?" என்றால் சின்னக் குழந்தைக்கும் புரியும்.

வந்த புதிதில் அந்தக் கூடைகள் பட்ட பாடு இருக்கிறதே! இரண்டாம் கூடையில் ஒருத்தி வடகம் காய வைத்தாள், நாலாம் கூடையில் கோழி முட்டையிட்டது, ஆறாம் கூடையை உண்டியல் என்று நினைத்துக் காசு போட்டவர்களும் உண்டு, குழந்தை இல்லாத ஒரு தம்பதி ஏழாம் கூடையின் சங்கிலியில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். துரை முதலில் கோபப்பட்டார், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார், அப்புறம் விட்டுவிட்டார். சாயந்திரம் இலை எடை போட்டு முடித்தபின் பெண்களும் தட்டு வீசப் பழகினார்கள். அவர்களில் பவளக்கொடியை அடிக்க ஆளில்லை. அவள் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசுவாள். நாளெல்லாம் கொழுந்தைக் கிள்ளி, முதுகுக் கூடைக்குள் திரும்பிப் பார்க்காமலே எறிகிறவளுக்கு வேறு எப்படி வீச வரும்? தட்டு போய்ச் சங்கிலியில் சலங் என்று அடிக்கும். பெங்களூர்ப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

ஒன்பதாம் கூடை மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால்தான் நடக்கும். எங்கள் ஊர் மஞ்சு பட்டப்பகலில் இறங்கும், நம் கை நமக்கே தெரியாது, மாடு நின்ற இடத்தில் நிற்கும், பஸ் நின்ற இடத்தில் நிற்கும், பேசிக்கொண்டிருந்தவர்கள் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவார்கள். மஞ்சு விலகினால் கூடை வேறொரு இடத்தில் நின்றுகொண்டிருக்கும், வழியில் சிமெண்டுக் கட்டியின் வட்டத் தடம் மட்டும் புல்லில் அமுங்கி இருக்கும். அது போய் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால், அட, அவ்வளவு அழகாக இருக்கும். மாரியம்மன் கோயில் பின்பக்கம் ஆம்பளைகள் ஒதுங்குகிற இடம், அங்கேயிருந்து அருவி மூன்று அடுக்காக விழுவது தெரியும் என்று இத்தனை வருஷமாக ஒருத்தனும் சொன்னதில்லை. அடுத்து அது சர்ச்சுக் கல்லறையில் போய் நின்றது, சிலுவைகளுக்குக் கீழே மேகம் படுத்துக் கிடந்தது. அடுத்து தபால்காரர் ஜெபராஜ் வீட்டு வாழைத்தோட்டம், அங்கேயிருந்து சமவெளியும் அதன் குளங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

ஒரு மாசத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காலையில் பால் வாங்கும்போது "கூடை எங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கூடை வந்த வீட்டுக்காரி ஒரு வாரத்துக்குத் தலை நிமிர்ந்து நடப்பாள், வராத வீட்டுக்காரி அவளுக்குச் சர்க்கரை கடன் தரமாட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள், "உங்க வீட்டுக்குக் கூடை வந்திருக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பஜ்ஜியில் கை வைத்தார்கள். முன்னெச்சரிக்கையாகச் சிலர் கொல்லைப்புறத்தைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறவர்களும், சிலுவை போடுகிறவர்களும், சாம்பிராணி காட்டுகிறவர்களும் இருந்தார்கள், கூடை யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

துரைக்குத்தான் நிம்மதி போயிற்று. டிராக்டர் வைத்துக் கட்டி இழுத்துப் பழைய இடத்தில் நட்டுப் பார்த்தார், அடுத்த மஞ்சுக்கு அது மறுபடி கிளம்பிவிட்டது. அந்தச் சமயத்தில்தான், உலகத்திலேயே அழகான தட்டு மைதானங்கள் எவை எவை என்று தேர்ந்தெடுக்கிற ஒரு அமைப்பிலிருந்து ஒரு அம்மா எங்கள் ஊரைப் பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்தது. துரை யோசித்தார். கூடையைத் தடுக்க முடியாவிட்டால் கூடைக்கு வழிவிட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினார். தங்கப்பாண்டி ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லிப் போனான்: "ஒன்பதாம் கூடை எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிய வேண்டும். குறுக்கே எது இருந்தாலும், அது யாருடையதாக இருந்தாலும், அகற்றப்படும். இது துரை உத்தரவு."

அகற்றினார்கள். ஜெபராஜ் அண்ணனின் வாழை குலை தள்ளின நிலையில் சாய்ந்தது. கங்காணி பெருமாளின் கோழிக்கூண்டு போயிற்று. தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கிற கீழ் லைன் வீடுகளின் கக்கூஸுக்குக் கூரையே இல்லாமல் போய், பெண்கள் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் கூடை என் மெஸ் பின்னால் வந்து நின்றது. பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே நான் பார்த்த அந்த மலை அடுக்கு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் என் விறகுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்! அந்த மழைக்காலம் முழுக்க ஈர விறகை ஊதி ஊதி எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். நான் திட்டின திட்டுக்குத் துரை நன்றாக இருக்கிறார் என்றால் அவர் ஜாதகம் அப்படி.

இப்போது பவளக்கொடி விஷயத்துக்கு வருகிறேன். அவள் புருஷன் சின்னராசு தேயிலைக்கு நிழல் தருகிற மரங்களின் கிளையைக் கழிக்கிற கவாத்து வேலைக்காரன், சில்வர் ஓக்கில் அணில் மாதிரி ஏறுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் ஒரு மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. அன்றைக்கு அவனைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தபோது ஊரே செத்தவனுக்கு அழுகிற மாதிரி மாரடித்துக்கொண்டு அழுதது, நானும்தான் அழுதேன், அவனோ கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கட்டிலில் கிடத்தினதும் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. அடுத்த தடவை தூக்கினா அதுதான் கடைசித் தடவை." அதோடு சரி. வெளியே கொண்டுவந்து வெயிலில் உட்கார வைக்கலாம் என்று யார் போனாலும் தலையணையைத் தூக்கி எறிவான்.

கட்டில் ஜன்னலோரம்தான் கிடந்தது. ஆனால் ஜன்னலுக்கு எதிரே எட்டித் தொடுகிற தூரத்தில் கருங்கல் சுவர். துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றினபோது, பங்களாப் பாதையில் உலாத்துகிறவர்கள் கண்ணில் எங்கள் லைன் வீடுகளும் கொடியில் தொங்குகிற பாவாடைகளும் படக்கூடாது என்று கட்டின சுவர் அது. சின்னராசு மூன்று வருஷமாக அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்புறம் அதையும் பார்க்காமல் உள்சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சு நின்றது. சாப்பாடு ஒரு கை, அரைக் கை, அப்புறம் வெறும் கஞ்சித் தண்ணீர் என்று ஆயிற்று. டிஸ்பென்சரி சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு வாசலில் வைத்துச் சொன்னாள்: "மருந்து நான் குடுத்துடுவேன் பவளம். ஆனா ஆளுக்கு மனசு விட்டுப்போச்சு. இப்படியே போனா மழைக்காலம் தாண்ட மாட்டார்."

அன்று மத்தியானமே பவளக்கொடி வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு எலுமிச்சை எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு, கூடை நின்றிருந்த டிஸ்பென்சரி மேட்டுக்குப் போனாள். கல்யாண வீட்டுக்கு அழைக்கிற மாதிரி, வெற்றிலையைக் கூடைக்குள் வைத்துக் கைகூப்பி, "எங்க வீட்டுக்கு ஒரு தரம் வந்துட்டுப் போகணும்" என்றாள். மறுநாளும் போனாள். கூடை தபாலாபீஸுக்குப் போனால் அங்கே போனாள், பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே போனாள், மழையில் நனைந்துகொண்டு போனாள், இலை எடை போடாமல் ஓடி வந்து கங்காணியிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனாள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏண்டி பவளம், பத்திரிகை அடிச்சியா?" என்றார்கள். "உன் வீட்டு ஜன்னல்ல என்னடி இருக்கு பாக்கிறதுக்கு, கருங்கல்லா?" என்றார்கள். அவள் வெற்றிலை வாங்கக் கடைக்குப் போய்விட்டாள்.

கேலி பண்ணினவர்களில் நானும் ஒருத்தி. ஒருநாள் டீ குடிக்க வந்தவளிடம், "வெறும் வெத்தல வெச்சாப் போதுமாடி? பெரிய மனுஷங்களை வீடு தேடிப் போய்க் கையோட கூட்டிட்டு வரணும். அதுதானே மரியாதை?" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாக்கா, அது சரிதான்" என்று எழுந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மஞ்சு இறங்கியது. நான் சாம்பார்த் தூக்கோடு லைன் வீட்டுப் படிக்கட்டில் தடவித் தடவி ஏறிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சலங் சலங் என்று சங்கிலிச் சத்தம். கூடைதான் வருகிறது, நடக்கும்போது அதைப் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று ஒதுங்கி நின்றேன். வந்தது பவளக்கொடி. இலை மூட்டை தூக்குகிற கயிற்றை நெற்றியில் மாட்டி, கூடையை முதுகில் சாய்த்துக் கட்டிக்கொண்டு, நாலு ஆள் தூக்க வேண்டிய பாரத்தை ஒற்றையாகச் சுமந்து, குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, உனக்கென்ன பைத்தியமா! இடுப்பு ஒடிஞ்சு நீயும் கட்டில்ல படுக்கப் போறியா?"

"வழி விடுங்கக்கா."

"எறக்குடி கீழே!"

"வீட்ல போய் எறக்கறேன்."

படிக்கட்டின் பாதி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. முழங்கால் மடங்கி, கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் கயிறு அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தது. அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அவள் அழவில்லை. கயிற்றைக் கழற்றிவிட்டு எழுந்து, கூடைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவ்வளவு கோபத்தோடு அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"வெத்தல வெச்சேன், வரலை. கையெடுத்துக் கும்பிட்டேன், வரலை. இவ்வளவு தூரம் தூக்கிட்டும் வந்துட்டேன். ஊரெல்லாம் நடக்கிற இல்ல? மிச்சத்தை நீ நட."

நான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்து, நெற்றிக்கு மஞ்சள் வைத்து, சூடாக ஒரு டீ கொடுத்தேன்.  மஞ்சு விலகினதும் இரண்டு பேரும் ஓடினோம். படிக்கட்டில் கூடை இல்லை. மேலே, சின்னராசுவின் ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒன்பதாம் கூடை நின்றுகொண்டிருந்தது.

ஊர் திரண்டு வந்தது. இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கூடை தப்பான இடத்துக்கு வந்துவிட்டது என்று ஒருத்தர் சொல்லவில்லை. எல்லாரும் கருங்கல் சுவரையே உற்றுப் பார்த்தார்கள், பாசியைப் பார்த்தார்கள், இடுக்கில் முளைத்திருந்த செடியைப் பார்த்தார்கள், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் ஜெபராஜ் அண்ணன்தான், "கூடை பொய் சொல்லாது. அது பாக்கிறது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்றார். உடனே எல்லாருக்கும் அது விளங்கிவிட்டது.

துரை வந்தார். மைதானம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அந்த அம்மா அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது. டிராக்டரைக் கட்டி இழுக்கச் சொன்னார், வடம் அறுந்தது, கூடை அசையவில்லை. துரை எங்களைத் திரும்பிப் பார்த்து, "இதை யாராவது தூக்கிட்டு வந்து வெச்சீங்களா?" என்று கேட்டார். பவளக்கொடி வாயைத் திறந்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள், காரியத்தைக் கெடுத்துவிடுவாள் என்று நான் முந்திக்கொண்டேன்.

"படிக்கட்டுக்கு மேல அது தானா நடந்துதான் வந்துச்சு துரை. மாரியம்மன் சத்தியமா."

சத்தியத்தில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

"அதுக்காகப் பங்களாச் சுவரை இடிக்க முடியுமா?" என்றார் துரை.

"என் விறகுக் கொட்டாயை இடிச்சீங்களே, அது யாரோட சுவரு?" என்றேன். பின்னாலேயே, "என் வாழை?" என்றது ஒரு குரல், "கோழிக்கூண்டு?" என்றது இன்னொன்று, "கக்கூஸ் கூரை?" என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். "யாருடையதாக இருந்தாலும்னு மைக்கில சொன்னது நான்தான் துரை. இந்த ஜீப்லதான் சொன்னேன்" என்றான் தங்கப்பாண்டி, பாவம், துரைக்கு உதவி பண்ணுவதாக நினைத்துக்கொண்டு.

துரை நெற்றியைத் துடைத்தார். "சரி. மேல் வரிசை மட்டும் எடுத்துடலாம். நின்னு பார்த்தா தெரியும்."

அப்போதுதான் பவளக்கொடி பேசினாள். "அவரு படுத்திருக்காரு துரை. படுத்தா தெரியணும்."

 உண்மையைச் சொன்னால் துரை கெட்டவர் இல்லை, எங்கள் வீடுகளுக்குள் ஒரு தடவையும் கால் வைக்காதவர், அவ்வளவுதான். அன்று குனிந்து உள்ளே போனார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சின்னராசுவின் தலை இருந்த உயரத்துக்குத் தன் தலையை வைத்து ஜன்னலைப் பார்த்தார்.  வெளியே வந்து, "இடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறாமல் நடந்தே போனார்.

முதல் கடப்பாரையைப் பவளக்கொடி போட்டாள். அப்புறம் எல்லாரும். கல்லைக் கை மாற்றிக் கை மாற்றிப் படிக்கட்டில் இறக்கினோம். ஜெபராஜ் அண்ணன் தன் வாழைக்கும் சேர்த்து வைத்து ஒரு கல்லைப் புரட்டினார். நான் நல்ல கல்லாகப் பார்த்து என் கொட்டகைக்கு ஒதுக்கிக்கொண்டேன். சாயந்திரம் சுவர் கட்டில் உயரத்துக்கு இறங்கியபோது, உள்ளே பவளக்கொடி, "இந்தப் பக்கம் திரும்பிப் பாரு" என்று கெஞ்சுவது கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் கட்டில் கிரீச்சென்றது.

பள்ளத்தாக்கு முழுசாகத் திறந்து கிடந்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீல மலை, எல்லாவற்றின் மேலும் சாயந்திர வெயில். சின்னராசு என்ன சொல்லப் போகிறான் என்று நாங்கள் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அவன் மலையைப் பார்க்கவில்லை. பாதைக்குக் கீழே ஏழாம் நம்பர் காட்டில் நின்ற ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டி, இன்னொரு பக்கம் கண்டபடி வளர்ந்து, பாதி முடிவெட்டில் எழுந்து வந்தவன் மாதிரி நின்றது அந்த மரம்.

"அது ஏன் இன்னும் அப்படியே நிக்குது?" என்றான். குரல் கரகரவென்று வந்தது.

 பவளக்கொடிதான் சொன்னாள். "ஆள் விழுந்த மரம்னு யாரும் ஏற மாட்டேங்கிறாங்க."

"கொப்பு முறிஞ்சு விழுந்தா கீழ இருக்கிற செடி என்னத்துக்காகும்? கவாத்துன்னா மரத்துக்குப் பாதிதான் வெட்டுவாங்களா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "எவனுக்கும் வேலைல அக்கறை கிடையாது."

"நாளைக்கு நான் ஏறறேன்" என்றாள் அவள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாது. நீ இங்கேர்ந்து சொல்லு. மிச்சம் இருக்குல்ல, வெட்டத்தானே வேணும்."

மறுநாள் காலையில் அவள் புடவையை வரிந்து கட்டி, பரணில் கிடந்த அவன் கத்தியைச் சாணை பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மரத்தில் ஏறினாள். நாங்கள் பாதி பேர் மரத்தடியில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம், பாதி பேர் ஜன்னலோரம் நின்றோம். நான் ஜன்னலோரம். கூடை எங்களுக்கு நடுவில் நின்றது. சின்னராசு அடித்தொண்டையிலிருந்து கத்தினான்: "இடது காலை மேல வை! கணுவுல வை! கையை மாத்திப் பிடி! ஆங், அப்படித்தான்!" அவள் ஏற ஏற அவன் குரலும் ஏறியது. "அந்தக் கொப்பு வேண்டாம்! அதுதான் என்னைத் தாங்காதது! அதுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கும் பாரு, அதை..."

அதற்கு மேல் அவள் ஜன்னல் சட்டத்துக்கு மேலே போய்விட்டாள். படுத்திருந்தவனுக்கு அவள் பாதம்கூடத் தெரியவில்லை. அவன் தலையணையில் முழங்கையை ஊன்றிப் பார்த்தான், கழுத்தை நீட்டிப் பார்த்தான், முடியவில்லை. உச்சியிலிருந்து அவள் குரல் வந்தது: "எதுலய்யா கால வைக்கிறது? சொல்லு!"

சின்னராசு எங்கள் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் வியர்வை.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! தூக்குங்கடா என்னை! உச்சி தெரியலை!"